பரவைச் சந்தையில் நட்ட காவல் கம்பு

என் மதினி பாண்டியம்மாளை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அவளைப் புகழும்போது, சொந்தக்காரி அல்லவா, அப்படித்தான் பேசுவாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் அண்ணன் சிவனாண்டிக்கு வாக்கப்பட்டு அவள் வந்த நாளிலிருந்து, அடுப்படியில் எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போனதே இல்லை. நான் எழுமலையில் வாக்கப்பட்டு, சரிப்படாமல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். எனக்கு வாய் அதிகம். அவளுக்கு வாயே கிடையாது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அப்படிப்பட்டவள் ஒரு நாள் பரவைச் சந்தை வாசலில் நின்று பேசினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது.

எங்கள் ஊர் வைகைக்குத் தென்கரை. பரவை வடகரையில், திண்டுக்கல் ரோட்டில் இருக்கிறது. அப்போது ரேகைச் சட்டம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்து ஆண்களின் கைரேகையை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் உருட்டி எடுத்து வைத்திருந்தார்கள். தப்புச் செய்தவன், செய்யாதவன் என்ற பேதமெல்லாம் கிடையாது. இன்ன குலத்தில் பிறந்ததே குற்றம் என்று சர்க்கார் முடிவு கட்டிவிட்டது. பொழுது சாய்ந்தால் ஸ்டேஷனுக்குப் போய்ப் படுக்க வேண்டும். பகலில் ஆற்றைத் தாண்ட வேண்டுமானால்கூடச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டுக் கொடுக்கிறவர் மனசு வைக்கிற வரைக்கும் கத்தரிக்காய் காத்திருக்குமா? அதனால் பெண்கள் நாங்கள் சந்தைக்குப் போனோம். வாரத்துக்கு ஒரு நாள், விடிந்ததும், பதினாலு பேர். கூடையைத் தலையில் ஏற்றி, மணலில் நடந்து, முழங்கால் தண்ணீரில் இறங்கி ஏறினால் பரவை. அந்தக் கூடை விற்றால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

பரவையில் உக்கிரபாண்டி என்று ஒருவர் நெல் மண்டி வைத்திருந்தார். பெரிய மனிதர், பெரிய வயிறு. அவருக்குத் திடீரென்று ஊரைத் திருத்த வேண்டும் என்று தோன்றிவிட்டது. நல்லொழுக்க சங்கம் என்று ஒன்று ஆரம்பித்தார். பன்னிரண்டு இளவட்டங்களைச் சேர்த்து, ஒரே துணியில் ஆளுக்கு ஒன்றாக முழுக்கை வைத்த வெள்ளை ஜிப்பா தைத்துக் கொடுத்தார். தோளில் மஞ்சள் துண்டு. அவர்களுக்குச் சந்தையில் வேலை என்னவென்றால், எந்தப் பெண் வளையல்காரனிடம் சிரித்துப் பேசுகிறாள், எவள் முந்தானை எங்கே விலகியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பது. வெற்றிலை போட்டதற்காக என்னைக்கூட ஒரு நாள் நிறுத்தினார்கள்.

"பொம்பளை நடுரோட்டுல வெத்தலை போட்டுத் துப்பலாமா?" என்றான் ஒருவன்.

"நான் துப்பலையே தம்பி, முழுங்கிட்டேன்" என்றேன்.

அந்தச் சித்திரையில் உக்கிரபாண்டி இன்னொரு காரியம் செய்தார். கொட்டடித்து, சந்தை வாசலில் ஒரு மூங்கில் கம்பை நட்டு, அதன் தலையில் வைக்கோல் பிரியைச் சுற்றினார். இன்று முதல் சந்தைக்கு வருகிற பெண்களுக்குச் சங்கம்தான் காவல் என்று சத்தமாகச் சொன்னார். அந்த வாரத்திலிருந்து சங்கத்துப் பிள்ளைகள் சாக்கோடு வந்து, ஒவ்வொரு கூடையிலும் ஒரு பிடி எடுத்துக்கொண்டார்கள். காவல் பிடி. என் கூடையில் இரண்டு கத்தரிக்காய். முதலில் எடுத்துக் கொடுத்தவளே நான்தான். பெரிய மனிதர் நம்மையும் மதித்துக் காவல் போடுகிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். மதினி மட்டும் அந்தக் கம்பை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள்.

எங்கள் பக்கம் காவல் என்பது விளையாட்டில்லை. வைக்கோல் பிரி சுற்றிய கம்பை நட்டு, பிடியும் வாங்கிவிட்டால், அந்த எல்லைக்குள் எது களவு போனாலும் காவல்காரன்தான் பொறுப்பு. ஆளைப் பிடித்துத் துப்புச் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் தன் வீட்டிலிருந்து ஈடு கொடுக்க வேண்டும். களவு செய்தவன் காவல்காரன் வீட்டு ஆளாகவே இருந்துவிட்டால், நட்ட கையாலேயே கம்பைப் பிடுங்க வேண்டும். அதற்கு மேல் ஒரு அவமானம் கிடையாது. உக்கிரபாண்டி காவலுக்குப் பிடி கொடுத்து வந்த குடும்பம், வாங்கிப் பழக்கமில்லை. கம்பு நடுவதையும் பிடி எடுப்பதையும் தூர நின்று பார்த்திருக்கிறார். மீதியை யாரும் அவருக்குச் சொல்லவில்லை போல.

எங்களோடு தங்கப்பொண்ணு என்று ஒரு பெண் வருவாள். பதினேழு வயது. அவளுடைய ஆட்கள் எங்கள் ஊர் வாழைத் தோட்டங்களில் கூலிக்கு இருந்தார்கள். கூலியோடு கிடைக்கிற வாழைப்பூவையும் தண்டையும் அவள் சந்தைக்குக் கொண்டுவருவாள். கூடையோடு நடக்கும்போது எங்களுக்கு இரண்டு எட்டுப் பின்னால்தான் வருவாள். அவர்கள் ஆட்கள் அப்படித்தான் வர வேண்டும் என்பது ஊர் வழக்கம். அதை அப்போது நானும் சரியென்றே நினைத்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஆனி மாதம் ஒரு சந்தை நாள், உச்சிப்பொழுது. தங்கப்பொண்ணு வண்டிகள் அவிழ்த்துப் போட்டிருந்த சந்தில் குனிந்து தண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒருவன் அவள் இடுப்பை வளைத்துப் பிடித்தான். அவள் கத்திக்கொண்டே அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துப் பிரித்துத் தள்ளினாள். திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் கூட்டத்தில் கலந்துவிட்டான். ஒரு வெள்ளைக் கைதான் அவள் கண்ணில் பட்டது. நாங்கள் ஓடினோம். சங்கத்துக்காரர்களும் வந்தார்கள், உக்கிரபாண்டியும் வந்தார்.

"வெள்ளைச் சட்டைக் கைய்யா" என்றாள் தங்கப்பொண்ணு, அழுகையை அடக்கிக்கொண்டு.

"வெள்ளையும் சொள்ளையுமா உடுத்துறவன் இந்தச் சந்தையில நூறு பேரு இருக்கான். நீ எதுக்கு வண்டிச் சந்துக்குள்ள போன? உங்கூட ஆம்பளை ஆரு வந்தா?" என்று கேட்டார் அவர்.

பிடித்தவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் ஏன் அங்கே இருந்தாள், ஏன் குனிந்தாள், ஏன் தனியாக வந்தாள் என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். கடைசியில் அவளே ஏதோ களவாடி அகப்பட்டவள் மாதிரி நின்றாள்.

திரும்பி வரும்போது ஆற்றில் அவள் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மதினி பக்கத்தில் போய் நின்றாள்.

"அவனைப் பிடிச்சப்ப உங்கையில வாழைப்பால் இருந்துச்சா?"

"கையெல்லாம் பால்தான் ஆத்தா. அப்பத்தான தண்டு உரிச்சேன்."

மதினி வேறொன்றும் கேட்கவில்லை. வாழைப்பாலை அறியாதவர்கள் இருந்தால் சொல்கிறேன். பட்டவுடன் அது தண்ணீர் மாதிரிதான் இருக்கும். காய்ந்த பிறகு பழுப்பாகும். அப்புறம் துணி கிழிந்தாலும் கறை போகாது. சோப்புப் போட்டால் இன்னும் அழுத்தமாகும்.

அடுத்த சந்தைக்குத் தங்கப்பொண்ணை அனுப்ப மாட்டேன் என்று அவளுடைய தாய் சொல்லிவிட்டாள். கேள்விப்பட்டதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

"அவளை விட்டுட்டு நாம போவோம் மதினி. நம்ம ஆளா, என்னா? நமக்கெதுக்கு வம்பு?" என்றேன்.

கத்தரிக்காயைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்த மதினி நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ கூடையிலயும் பிடி எடுத்தாய்ங்கல்ல?"

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு நேரே தங்கப்பொண்ணு வீட்டுக்கு நடந்தாள். அங்கே தாய் மறித்துப் பார்த்திருக்கிறாள். தங்கப்பொண்ணே கூடையை எடுத்துக்கொண்டு, "நான் வாரேன் ஆத்தா. போகலன்னா நான்தேன் தப்புப் பண்ணுனேம்னு ஆயிரும்" என்று கிளம்பிவிட்டாள். பயம் அவள் முகத்தில் அப்படியே இருந்தது. பயத்தோடுதான் வந்தாள்.

சந்தை வாசலில் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. கம்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உக்கிரபாண்டி உட்கார்ந்திருந்தார். பின்னால் வரிசையாகப் பன்னிரண்டு வெள்ளை ஜிப்பா.

"ஆம்பளைத் தொணை இல்லாத பொம்பளைகளுக்கு இன்னிமே சந்தையில எடமில்லை. உங்க நல்லதுக்குத்தேன் சொல்லுறோம். போங்க" என்றார்.

பதினாலு கூடை. வெயில் ஏறினால் கீரை தலை சாய்ந்துவிடும். ஒரு வாரம் விற்காவிட்டால் அடுத்த வாரம் வீட்டில் என்ன நடக்கும் என்று எங்களுக்குத்தான் தெரியும். ஒரு வாரமா? ஆண்களைக் கூட்டி வரவே முடியாத எங்களுக்கு இனி எந்த வாரமும் இல்லை என்றுதான் அர்த்தம். எனக்குப் பொறுக்கவில்லை.

"எங்க ஆம்பளைகளத்தேன் சர்க்காரு கட்டிப் போட்டிருக்கே! தொணைக்கு வேற ஆரைக் கூட்டியார? கலெக்டர் தொரையவா?" என்றேன்.

வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். வெள்ளை ஜிப்பாக்களில் ஒருவன், "ரேகைக்காரன் வீட்டுப் பொம்பளைக்கு வாயைப் பாரு" என்றான். எனக்கு முகம் சுண்டிப்போனது. எவ்வளவு வாய் இருந்தாலும் அந்த ஒரு சொல் விழுந்தால் நாங்கள் அடங்கிப்போவோம். அது அவர்களுக்கும் தெரியும்.

அப்போதுதான் மதினி கூடையை இறக்கிக் கம்படியில் வைத்தாள்.

"அண்ணே, இந்தக் கம்பை நட்டது ஆரு?"

"நான்தேன் நட்டேன். அதுக்கென்ன?"

"எங்க கூடையில பிடி எடுத்தது?"

"சங்கந்தேன்."

"தங்கப்பொண்ணு கூடையிலயும் எடுத்தீகளா?"

உக்கிரபாண்டி சிரித்தார். "ரெண்டு வாழைப்பூ எடுத்திருப்பாய்ங்க. இப்ப அது வேணுமா ஒனக்கு?"

"பூ வேணாம்ணே. அவ உங்க காவல்ல இருந்தவ. காவலுக்குள்ள வச்சு அவ மேல ஒருத்தன் கை வச்சிருக்கான். துப்புச் சொல்லுங்க."

சுற்றி நின்ற வண்டிக்காரர்கள், ஆட்டுக்காரர்கள், எல்லோரும் எங்கள் சீமைக்காரர்கள். காவல் என்றால் என்ன என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு வண்டிக்காரர் நுகத்தடியிலிருந்து இறங்கி வந்து, "அந்தப் பிள்ளை கேக்குறது ஞாயந்தானப்பா" என்றார்.

உக்கிரபாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "இதென்ன மாடா, ஆடா, துப்புச் சொல்லுறதுக்கு? பொம்பளை ஒழுங்கா இருந்தா எவன் கை வைக்கப்போறான்? இவ எதுக்கு அந்தச் சந்துக்குப் போனா?"

"எங்க மாமனாரு முத்திருளன்" என்று ஆரம்பித்தாள் மதினி. என் அய்யாவின் பெயரை அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. "அவரு காவல்ல ஒரு வண்டிமாடு களவு போச்சு. எம்புட்டோ அலைஞ்சாரு, துப்புக் கெடைக்கல. உழுதுக்கிட்டிருந்த சொந்த மாட்டை ஏர்ல இருந்து அவுத்துக் கொண்டுபோயி, மாட்டுக்காரன் தொழுவத்துல கட்டிட்டு வந்தாரு. அந்த வருசம் எங்க வயக்காடு தரிசாக் கெடந்துச்சு. அப்பவும், மாட்டை எதுக்குடா வெளியில கட்டுனன்னு ஒத்தை வார்த்தை அவரு கேக்கலை. காவல் வாங்குனவன் அதைக் கேக்கப்படாது. அவரு கைரேகையும் ஸ்டேசன்லதேன் இருந்துச்சு. நீங்க பெரிய மனுசரு, உங்க கைய ஆரும் உருட்டலை. நீங்க கேக்குறீக."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த மாட்டை அவிழ்த்த அன்று நான் அய்யாவோடு சண்டை போட்டேன். சின்னப் பிள்ளை, எனக்கு என்ன தெரியும்? ஊரெல்லாம் பார்க்க அந்த மாட்டை என் மதினி பரவைச் சந்தை வாசலில் மறுபடி கொண்டுவந்து கட்டிவிட்டாள்.

"துப்பு உங்களுக்குத் தெரியலைன்னா நானே சொல்லுறேன். அவ அவன் மணிக்கட்டைப் பிடிச்சப்ப கையில வாழைப்பால் இருந்துச்சு. வெள்ளைக் கைன்னுதான அவ சொன்னா? மத்தவக பொறவு வரட்டும். மொதல்ல காவல் நின்ன கைகளைப் பாப்போம். உங்க பிள்ளைக பன்னெண்டு பேரும் ஜிப்பாக் கையைக் காமிக்கட்டும்" என்றாள் மதினி.

அப்போதுதான் நானும் பார்த்தேன். பதினோரு ஜிப்பாவின் கை மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது. ஒன்று மட்டும் முழங்கைக்கு மேல் சுருட்டி விட்டிருந்தது. அவன் வெள்ளைத்துரை, உக்கிரபாண்டியின் பெண்சாதிக்குக் கூடப்பிறந்த தம்பி. என் வெற்றிலைக்கு நியாயம் கேட்டவனும் அவன்தான்.

உக்கிரபாண்டி கொஞ்சமும் யோசிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. "கையை எறக்கிக் காமிடா மாப்ள. இவளுக வாயை அடைப்போம்" என்றார்.

"வெயிலுக்காகச் சுருட்டி விட்டேன் மச்சான்" என்றான் வெள்ளைத்துரை. காலை வெயில் அவன் ஒருவனுக்கு மட்டும் அடித்தது போலிருக்கிறது.

"எறக்குடா!"

அவன் இறக்கவில்லை. எழுந்து போய் உக்கிரபாண்டியே அவன் கையைப் பிடித்துச் சுருட்டலைப் பிரித்தார். மணிக்கட்டுக்கு மேல், வெள்ளைத் துணியில், பழுப்பாக நாலு விரல். மறுபக்கம் ஒரு கட்டைவிரல். சோப்புப் போட்டுக் கசக்கியிருப்பான். துணி நைந்திருந்தது, விரல்கள் அப்படியே இருந்தன.

எங்கள் பின்னால் நின்ற தங்கப்பொண்ணு முன்னால் வந்தாள். எங்களைக் கடந்து, மதினியையும் கடந்து போனாள். கயிற்றுக்கு மேலே கையை நீட்டி அந்தக் கறையின் மேல் தன் விரல்களை வைத்தாள். நாலு விரலும் பொருந்தின, கட்டைவிரலும் பொருந்தியது.

"இது என் கை" என்றாள்.

கூட்டம் கொதித்தது. வெள்ளைத்துரையை அவள் காலில் விழச் சொன்னார்கள். இரண்டு வண்டிக்காரர்கள் சாட்டைக் கம்போடு கிட்டே வந்தார்கள். அவன் விழவும் தயாராகிவிட்டான். தங்கப்பொண்ணு இரண்டு எட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

"எங்கால்ல விழுகவும் வேணாம், எங்கிட்ட வரவும் வேணாம். அந்த ஜிப்பாவைக் கழத்திக் குடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

கழற்றிக் கொடுத்தான். மஞ்சள் துண்டைப் போர்த்திக்கொண்டு அவன் போன போக்கு இருக்கிறதே, என் வாழ்நாளில் அப்படி ஒரு கண்குளிர்ந்த காட்சி பார்த்ததில்லை.

மதினி உக்கிரபாண்டியைப் பார்த்தாள். "கம்பைப் பிடுங்குங்கண்ணே" என்றாள், மரியாதையாக.

அவர் கூட்டத்தைப் பார்த்தார். ஒரு முகமும் அவர் பக்கம் இல்லை. குனிந்து பிடுங்கினார். கொட்டடித்து ஆழமாக நட்ட கம்பு, லேசில் வரவில்லை. மூன்று தரம் அசைத்து, மூச்சு வாங்கி, நாலாவது தரம்தான் கையோடு வந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு மண்டியைப் பார்த்து நடந்தார். கயிற்றை வண்டிக்காரரே அறுத்துவிட்டார்.

நாங்கள் கூடையைத் தூக்கினோம். தங்கப்பொண்ணு தூக்கவில்லை. அவள் அந்தக் கம்பை எடுத்து, வைக்கோல் பிரியை அவிழ்த்து எறிந்தாள். அதன் தலையில் ஜிப்பாவின் இரண்டு கைகளையும் சேர்த்து, கறை வெளியே தெரியும்படி முடிச்சுப் போட்டாள். பிறகு பிடுங்கிய குழியிலேயே கம்பை நிறுத்தி, காலால் மண்ணைத் தள்ளி மிதித்தாள். மதினி போய்க் கம்பைச் சாயாமல் பிடித்துக்கொண்டாள். நானும் போய் மிதித்தேன். பதினாலு பேரும் மிதித்தோம்.

அன்று திரும்பி வரும்போது ஆற்று மணலில் தங்கப்பொண்ணு பழக்கத்தில் பின்தங்கினாள். மதினி நின்றாள். அவள் நின்றதால் நாங்களும் நிற்க வேண்டியதாயிற்று. தங்கப்பொண்ணு எங்களோடு வந்து சேர்ந்த பிறகுதான் மதினி நடந்தாள். அதற்கப்புறம் யாரும் யாருக்கும் பின்னால் வரவில்லை.

சாயங்காலம் என் அண்ணன் ஸ்டேஷனுக்குப் புறப்படும்போது, நடந்ததை நான் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். கேட்டுவிட்டு வாசல்படியில் திரும்பி நின்றான். "எங்க அய்யா காவலை நீ காப்பாத்திட்ட" என்று மதினியிடம் சொல்லிவிட்டுப் போனான். ரேகை வைக்கப் போகிறவன் அன்றைக்குத்தான் தலை நிமிர்ந்து தெருவில் நடந்தான். மதினி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுடைய பத்து வார்த்தை எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

அடுத்த சந்தை நாள். ஜிப்பா மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் இன்னும் கறுத்திருந்தன. வியாபாரம் சூடாக இருந்த நேரத்தில் திடீரென்று வழிவிட்டு ஒதுங்கினார்கள். உக்கிரபாண்டியின் பெண்சாதி மலையம்மாள் வந்துகொண்டிருந்தாள். வேலைக்காரி இல்லை, வண்டி இல்லை, தனியாக நடந்து வந்தாள். பத்து வருடமாக அவளை மண்டி வீட்டு வாசலுக்கு வெளியே யாரும் பார்த்ததில்லை. தன் தம்பிக்காகச் சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

கம்படியில் அவள் நின்றாள். தம்பியின் ஜிப்பாவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு எங்கள் வரிசைக்கு வந்து, என்னைத் தாண்டி, மதினியைத் தாண்டி, தங்கப்பொண்ணுக்கு முன்னால் நின்றாள். மடியை அவிழ்த்து, ஒரு பிடி நெல்லை எடுத்து அவள் கூடையில் போட்டாள்.

"நானும் இன்னிமே சந்தைக்கு வருவேன்" என்றாள் மலையம்மாள். "எனக்கும் சேத்துக் காவல் இரு ஆத்தா."